ஒரே தோல்

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று ராத்திரியும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

முகம் மட்டும்தான் தெரிந்தது. சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே இருட்டு. எதையோ கையில் வைத்து விசிறிக்கொண்டே இருந்தாள். சர்ர், சர்ர் என்று சத்தம். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

காலையில் ஜெஸ்லின் அக்காவிடம் சொன்னேன். அவள் கட்டில்தான் ஜன்னலுக்குப் பக்கத்தில்.

“ப்ளஸ் ஒன் பாடம் மண்டைல ஏறலை. பேய் மட்டும் நல்லா ஏறுது உனக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “முகம் எப்படிட்டி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

அதை ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

இதை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அம்மாவின் பியூட்டி பார்லர், மேலே வீடு. அப்பா கப்பலில் இருக்கிறார். மேலேயிருந்து யார் வந்தாலும் முதலில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். அவளுக்குச் செருப்பு உண்டா என்று தெரியாது.

அக்டோபர் 4, சனி

சனிக்கிழமை என்றால் எனக்குப் பார்லரில் வேலை. துண்டுகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். மழை வரும்போல இருந்ததால் துண்டுகளைத் திரும்ப எடுத்து, ஃபேனுக்குக் கீழே விரித்தேன்.

பாங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்திருந்தார். “ஸ்டெல்லாக்கா, எனக்கு அந்த டயமண்ட் போட்டு விடுங்க. வீடியோல பாத்தேன், மெஷின வச்சு ஒரு இழு இழுத்தா அழுக்கெல்லாம் போயிருது.”

அம்மா அவர் கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். “பரு பழுத்து நிக்கி. இதுமேல டயமண்டை ஓட்டினா ஒண்ணு பத்தாகும். உங்களுக்கு எண்ணெய்த் தோல். சாலிசிலிக் பீல் போடலாம், அதுவும் லேசா. பரு அடங்கட்டும், அப்புறம் டயமண்டைப் பத்திப் பேசுவோம்.”

பீல் என்றால் லேசான ஆசிட்டைத் தடவி மேல்தோலை உரியவைப்பது. அடுத்து ஒரு டீச்சர். வாயோரம் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. அவருக்கு அம்மா பால் பீல் என்றாள். லாக்டிக் பீலுக்கு அம்மா வைத்த பெயர் அது. காய்ந்த தோலுக்கு அதுதான் இதமாம். தொட்டாலே சிவக்கிற தோல் என்றால் பீலும் கிடையாது, டயமண்டும் கிடையாது. வெறும் தண்ணீரில் செய்கிற ஹைட்ரா மட்டும்தான். பிளேடு வைத்துப் பூனைமுடி எடுக்கச் சொல்லி வந்த கல்லூரிப் பெண்ணை அம்மா திருப்பியே அனுப்பிவிட்டாள். “முகமெல்லாம் பருவை வச்சுக்கிட்டு பிளேடா? போம்மா, போய் தலையில பொடுகு இருக்கான்னு பாரு மொதல்ல.”

எல்லோரிடமும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “வீட்ல முகத்துக்கு என்ன போடுதீங்க?” எல்லோரும் சொல்கிற பதிலும் ஒன்றுதான். ஒன்றும் போடுவதில்லை, வெறும் தண்ணீர்தான். சிலர் கடலைமாவு என்பார்கள்.

டீச்சர் கேட்டார், “உங்க பெரிய பொண்ணு என்ன போடுதா? பளிங்கு மாதிரி இருக்காளே!”

“எல்லாம் நம்ம கடை ஃபேஷியல்தான்” என்றாள் அம்மா.

அம்மா அக்காவின் முகத்தைத் தொட்டே இரண்டு வருடம் இருக்கும். அக்கா விடுவதில்லை.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சின்னவ அப்படியே பழைய ஜெஸ்லின். அதே மூக்கு, அதே நிறம்.” அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு மேல் ஃபேஷியல் அறைக்குள் நான் தனியாகப் போவதில்லை. வெள்ளைத் துண்டு மூடிப் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் சவப்பெட்டியில் வைத்ததுபோல இருக்கிறது. அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் படுக்கையில் ரோஸ்லி அக்கா படுத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால். அவளுக்குக் கல்யாணம் பக்கத்தில் வந்திருந்தது. ஸ்ட்ராங் பீல் கேட்டாள். வீட்டில் என்ன போடுகிறாய் என்று அம்மா கேட்டதற்குக் கடலைமாவு என்றாள். நான் டேபிள் ஃபேனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவேயில்லை. “அக்கா, முடிஞ்சதா? அக்கா, முடிஞ்சதா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் வெந்து கறுத்துப்போயின. கல்யாணம் நின்றது. அவர்கள் தூத்துக்குடியை விட்டே போய்விட்டார்கள். அன்றோடு அம்மா ஸ்ட்ராங் பீல் போடுவதை விட்டுவிட்டாள். ரோஸ்லி என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஃபேன் ஓடும்போது சில நேரம் எனக்கு அது கேட்கிறது. முடிஞ்சதா.

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காவுக்கு நவம்பர் 13-ல் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை துபாயில் இன்ஜினியர். சர்ச் முடிந்து மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “போட்டோல இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா” என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அது பேய் இல்லை.

ராத்திரி போர்வைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கரண்ட் போயிருந்தது. திடீரென்று வந்ததும் தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது. அக்கா. முகம் முழுக்க வெள்ளை க்ரீம். என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வடிந்த நீர் க்ரீமில் கோடு போட்டிருந்தது.

“எரியுதுட்டி” என்றாள்.

தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் காட்டினாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே தருவார்களாம். காலேஜ் இரண்டாம் வருடத்திலிருந்து போடுகிறாளாம்.

“மொத மாசமே நிறம் மாறிருச்சு. எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் நிறுத்த முடியலை. ஒரு தடவை நாலு நாள் நிறுத்திப் பாத்தேன். அது வந்துருச்சு.”

“எது?”

“பழைய முகம். கோவமா வந்துச்சு. செவந்து, தடிச்சு, பருவோட. மறுபடி போட்டதும்தான் போச்சு. இப்ப போட்டாலும் எரியுது, போடாட்டாலும் எரியுது.”

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவள் என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். “சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. மீறினா நான் செத்துருவேன், தெரியும்லா?”

பண்ணிவிட்டேன். அவள் தலை கொதித்தது.

அக்டோபர் 11, சனி

இன்று மத்தியானம் பெரிய சண்டை. கடையில் ஆள் இல்லை. அக்கா அம்மாவிடம் ஸ்ட்ராங் பீல் கேட்டாள்.

“மத்தவங்க முகத்தையெல்லாம் மினுக்குதீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் கிடையாதா?”

“நம்ம நிறத்துத் தோலுக்கு அது ஆகாது ஜெஸ்லின். கொஞ்சம் ஆழமாப் போனாலும் கறுப்பு விழுந்துரும். பால் பீல் போடுதேன், வேணும்னா ரெண்டு தடவை.”

“பால் பீல் போட்டு எத்தனை ஷேடு ஏறும்? அந்தம்மா சர்ச்ல எல்லாருக்கும் முன்னாடி சொல்லுதாங்க. நீங்களும் பல்லைக் காட்டிட்டுத்தான நின்னீங்க?”

அம்மா துண்டுகளை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். பிறகு, “டெஸ்ட் வச்சுப் பாப்போம். காதுக்குப் பின்னாடி. ஒத்துக்கிட்டா போடுதேன்” என்றாள்.

“எனக்கு வேண்டாம். நிச்சயத்துக்குக் கொண்டை போடணும், காதுக்குப் பின்னாடி தழும்பு விழுந்தா தெரியும். பெனிக்கு வைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தோல்தான?”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வீட்ல முகத்துக்கு என்ன போடுத?” என்று அக்காவிடம் கேட்டாள்.

“கடலைமாவு.”

என் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. “கவனமாப் பிடிட்டி” என்றாள் அம்மா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என்னை அந்தப் படுக்கையில் படுக்கவைத்து, இடது காதுக்குப் பின்னால் பட்ஸில் தொட்டு வைத்தாள். லேசாகச் சுருக்கென்றது. பிறகு ஆசிட்டை அடக்குகிற சோடாத் தண்ணீரால் துடைத்தாள். அவ்வளவுதான். நான் கேட்கக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“முடிஞ்சதா?”

அம்மாவின் கை நின்றது. பட்ஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சிவப்புகூட இல்லை. அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “நல்ல தோல்” என்று முதுகில் தட்டினாள்.

முகத்துக்கு இரண்டு பூச்சு போடவேண்டுமாம். அதனால் 28-ம் தேதி வலது காதுக்குப் பின்னால் இரண்டு பூச்சு வைத்துப் பார்ப்பாள். அதுவும் ஒத்துக்கொண்டால் நவம்பர் ஒன்றாம் தேதி அக்காவின் முகத்துக்கு.

அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினாள். என் தோலுக்கு ஒன்றும் ஆகாது. நான் அந்த க்ரீம் போடுகிறவள் இல்லையே. இது அம்மாவுக்குத் தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

கெஞ்சிப் பார்த்தேன். நீயே அம்மாவிடம் சொல், சத்தியம் மீறினதாகாது என்றேன்.

“சொன்னா நிச்சயத்தைத் தள்ளி வைப்பாங்க. அதுக்குள்ள அது வந்துரும். அந்த மூஞ்சியோட போய் நிக்கவா?”

“ரோஸ்லி அக்காவும் கடலைமாவுன்னுதான் சொன்னா. அவளும் இந்த ட்யூபைத்தான் போட்டிருப்பா.”

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “உனக்கு நான் போயிரக்கூடாது. அதான. தனியா படுக்க பயம். அதுக்குத்தான் இந்தக் கதையெல்லாம்.”

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கலாம்.

“என்னைப் பாத்துப் பேசுக்கா” என்றேன்.

“உன்னைப் பாக்கத்தாம்ட்டி பயமா இருக்கு.” சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். “ராத்திரி முழிப்பு வந்தா எதிர்க் கட்டில்ல அது படுத்துக் கிடக்கு. என் பழைய முகம். கண்ணைத் திறந்து என்னையே பாக்குது.”

இத்தனை நாளாக நான் அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து.

அக்டோபர் 16, வியாழன்

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை இன்று முழுக்க யோசித்தேன். பிசிக்ஸ் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். வாயைத் திறக்கக்கூடாது, அவ்வளவுதான். ட்யூபைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

அக்கா குளிக்கப் போனபோது அவள் தலையணை உறையைச் சரிசெய்தேன்.

வலது காதுக்குப் பின்னால் அரிக்கிறது. கொசுவாக இருக்கும்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக் கூட்டம். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அவருடைய மூன்று பெண்களுக்கும் முகம் கழுவிவிட்டே கை ஓய்ந்தது. ஜடையை இறுக்கிப் பின்னவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மழை விடவில்லை. முடி பட்டாலே அந்த இடம் எரிகிறது. தோல் பொடிப்பொடியாகத் தலையணையில் உதிர்கிறது.

அக்கா ட்யூபை அமுக்கிப் பார்த்து, “சீக்கிரம் தீருதே” என்றாள். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

அக்டோபர் 25, சனி

பத்து நாள் போட்டது போதுமா, போதாதா என்று யாரிடமும் கேட்க முடியாது. போதவில்லை என்றால் ஒன்றாம் தேதி அக்கா அந்தப் படுக்கையில் படுப்பாள். போதும் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் ஃபேன் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

ரொம்பப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

பள்ளிவிட்டு வந்ததும் அம்மா கூப்பிட்டாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தேன். முடியை ஒதுக்கும்போது அம்மா ஒரு நொடி நின்றாள். “இங்க என்ன, வறண்டு கிடக்கு?” என்றாள். “பனிக்கு” என்றேன். தூத்துக்குடியில் எந்தக் காலத்தில் பனி? அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்போடே முதல் பூச்சை வைத்தாள்.

கத்தக்கூடாது என்று நினைத்திருந்தேன். கத்திவிட்டேன். ரோஸ்லி அக்கா எப்படிக் கத்தாமல் கிடந்தாள் என்று தெரியவில்லை. அவள் மனதில் நவம்பர் 13 மாதிரி ஒரு தேதி இருந்திருக்கும்.

அம்மா சோடாத் தண்ணீரைக் கிண்ணத்தோடு கவிழ்த்தாள். காலர் நனைந்தது. டார்ச்சை அடித்தாள். எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த இடம் வெந்து வெள்ளையாகப் பூத்திருக்கவேண்டும்.

“ரோஸ்லி” என்றாள் அம்மா. மூன்று வருடத்தில் முதல் தடவை.

பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “அன்னைக்கு ஒண்ணுமே ஆகலை. இன்னைக்கு ஒரே பூச்சுல இப்படி வேகுது. இதுக்கு நடுவுல என்ன போட்ட?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மெடிக்கல் ஷாப் ட்யூபா? வெள்ளையாகணும்னு போட்டியா? ஸ்டீராய்டுட்டி அது. தோலைப் பேப்பரா ஆக்கிரும். உனக்கு யாரு கொடுத்தா?”

“சொல்ல மாட்டேன்மா.”

“ஏன்?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாருட்ட?”

மாடியில் அக்கா நடக்கிற சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து கண்ணாடிக்கு. கண்ணாடியிலிருந்து கட்டிலுக்கு. அம்மா மேலே பார்த்தாள். நான் பார்க்கவில்லை. சத்தியமாக நான் மேலே பார்க்கவில்லை.

“கடலைமாவு” என்று அம்மா தனக்குத்தானே சொன்னாள். “ரெண்டு வருசமா என்னைக் கிட்ட விடலை. நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுச்சு. நானும் கேக்கலை.”

என் காதுக்குப் பின்னால் ஈரத்துணியை வைத்து, அதன்மேல் என் கையையே வைத்து அமுக்கிவிட்டு, படி ஏறிப் போனாள். முதலில் அக்காவின் கத்தல். பிறகு குழாய் ஓடுகிற சத்தம், ரொம்ப நேரம். பிறகு அம்மாவின் அழுகை மட்டும்.

அக்டோபர் 29, புதன்

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் மூன்று பேரும் போய் வந்தோம். எனக்கும் மருந்து தந்தார். அக்கா க்ரீமை ஒரேயடியாக நிறுத்தக்கூடாதாம், அவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வரவேண்டுமாம். இத்தனை நாளாக மறைந்திருந்தது எல்லாம் வெளியே வருமாம். மாதக்கணக்காகுமாம். அதுவரை பீல், டயமண்ட், பிளேடு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஃபேஷியல்கூட இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் செத்துப்போகவில்லை. ராத்திரி இரண்டு தடவை அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 3, திங்கள்

அது வர ஆரம்பித்துவிட்டது. கன்னம் தக்காளியாகச் சிவந்து தடித்திருக்கிறது. தாடை முழுக்கப் பரு. அக்கா வீட்டுக் கண்ணாடிகளில் எல்லாம் சேலையைப் போட்டு மூடியிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று அம்மா காலையிலிருந்து யோசித்தாள். கடைசியில் போனை எடுத்து, “ஜெஸ்லினுக்கு அம்மை போட்டுருக்கு” என்றாள். வைத்துவிட்டு, என்னை அனுப்பி வேப்பிலை ஒடித்துவரச் சொன்னாள். வாசலில் அம்மாவே கட்டினாள். சிலுவை ஸ்டிக்கருக்குக் கீழே வேப்பிலைக் கொத்து.

எதிர்வீட்டு அம்மா தெருவிலேயே நின்று, “நீங்களும் கட்டுவீங்களா ஸ்டெல்லா?” என்று கேட்டார்.

“அம்மைக்கு சர்ச் தெரியுமா, கோயில் தெரியுமா?” என்றாள் அம்மா.

வேப்பிலையைப் பார்த்துவிட்டுக் கடைக்கும் யாரும் வரவில்லை. கல்யாண சீசனில் ஷட்டரை இறக்கினோம். அம்மா ஸ்ட்ராங் பீல் பாட்டிலை சிங்க்கில் கொட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

நவம்பர் 8, சனி

மாப்பிள்ளையின் அம்மா இளநீர்க் குலை அனுப்பியிருக்கிறார். ஆட்டோக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

இன்றைக்கு நிச்சயதார்த்தமாக இருந்திருக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவுக்குத் துபாயிலிருந்து போன் வந்தது. மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்து இருட்டிலேயே கட்டிலில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

“பெனி. தூங்கிட்டியா?”

“இல்லை.”

“எப்படி இருக்கன்னு கேக்கலை. தழும்பு முகத்துல விழுமான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“விழும்னு சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“ஒண்ணும் பேசலை. சிக்னல் போயிருச்சோன்னு போனைப் பாத்தேன். நாலு கோடும் இருந்துச்சு.” சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. “லைட்டைப் போடுட்டி.”

இந்த அறையில் ராத்திரி லைட் எரிந்து எவ்வளவோ நாளாகிறது. போட்டேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். முகம் திட்டுத்திட்டாகச் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. என் தாடையைப் பிடித்து, அம்மா கடையில் பார்ப்பதுபோல, விளக்குப் பக்கம் திருப்பினாள். நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வொரு இடமாக, அவசரமில்லாமல் பார்த்தாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

“இப்படித்தான் இருந்தேனா?”

“ம்.”

அவள் என் தலையைத் திருப்பி, முடியை ஒதுக்கி, வலது காதுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. அது போகுமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

மேசையிலிருந்து என் மருந்தை எடுத்து, விரல் நுனியில் தொட்டு, அந்தக் கறுப்பைச் சுற்றி மெதுவாகத் தடவினாள். எரிந்தது. ரெக்கார்டை எடுத்து விசிறினாள். சர்ர், சர்ர்.

“முடிஞ்சதா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை” என்றாள் அக்கா. “அசையாம இரு.”